இரண்டு குழாய் வைத்த ஃப்ரீசர்

என் கணவர் இந்திரகுமார் பியர் குடிக்கிற ஆள் இல்லை. இதை நான் எந்தக் கோயிலில் நின்றும் சொல்லுவேன். நாற்பது வயதிலேயே சீனி வருத்தம் வந்துவிட்டது அவருக்கு. மரியாதைக்கு ஒரு கிளாஸை எடுத்தாலும் பின்னேரம் முழுக்க அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருப்பார். கடைசியில் குசினி சிங்கில் கொண்டுவந்து ஊற்றுவதும் அவர்தான். அப்படிப்பட்ட மனிதனுக்குத்தான் நாங்கள் குடியிருக்கிற மெரிலேண்ட்ஸில் ‘பியர் மாஸ்டர்’ என்று பட்டம் வைத்துச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் கராஜில் வந்திருந்து குடித்தவர்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அவரை உங்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். செவன் ஹில்ஸில் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். கோடைகாலத்திலும் தடித்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற மனிதர். அங்கே அவருடைய முழுப்பெயரை ஒருவருக்கும் சொல்ல வராது. ‘இண்டி’ என்று கூப்பிடுவார்கள். ஐந்து நாளும் அவர் இண்டி. சனிக்கிழமை பின்னேரம் வந்தால் தலைக்குக் குளித்து, நான் அயன் பண்ணி வைத்த வெள்ளைச் சேர்ட்டைப் போட்டு, தமிழ்ப் பாடசாலைக்குக் கிளம்புவார். அங்கே அவர் நாலாம் வகுப்பு ஆசிரியர். காரை விட்டு இறங்க முன்னமே பிள்ளைகள் ‘சேர், சேர்’ என்று ஓடிவரும். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள்!

எங்கள் மகள் படித்து முடித்து மெல்பேர்ணில் வேலைக்கும் போய்விட்டாள். சொந்தப் பிள்ளை வகுப்பை விட்டதும் மற்றப் பெற்றோர் பாடசாலைப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. இவர் விடவில்லை. ‘கடைக்குப் போய் அம்மா வாங்குற மிளகாய்த்தூள் பாக்கெட்டை அம்மாவுக்கே வாசிச்சுக் காட்டோணும்’ என்று பிள்ளைகளுக்கு வீட்டுவேலை கொடுப்பார். மெரிலேண்ட்ஸ் பலசரக்குக் கடைக்காரர் என்னைக் கண்டால், ‘அன்ரி, உங்கட சேரின்ர பிள்ளையள் வந்து சாமானெல்லாத்தையும் தூக்கித் தூக்கி வாசிக்குதுகள்’ என்று முறையிடுவார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

வீடு வேண்டும், கார் வேண்டும், பெரிய வேலை வேண்டும் என்று ஒரு நாளும் ஆசைப்பட்டவர் இல்லை. ஒன்றே ஒன்றுக்குத்தான் ஆசைப்பட்டார். பாடசாலையை நடத்துகிற பழைய அதிபர் ரீச்சர் வயது போய்விட்டது என்று விலகும்போது, அந்தப் பாடசாலைக்குத் தான் அதிபராக வரவேண்டும். வாய்விட்டுச் சொன்னது என்னிடம் மட்டும்தான். அதையும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்.

அதைத்தான் கெடுத்தார்கள். எதை வைத்துக் கெடுத்தார்கள் என்றால், நான் சம்மதித்து எங்கள் கராஜுக்கு வந்த ஒரு ஃப்ரீசரை வைத்து.

சனிக்கிழமை வகுப்பு முடிந்தால் ஆண்கள் கொஞ்சப் பேர் எங்கள் கராஜில் கூடுவது வழக்கம். பெரிய கூட்டமெல்லாம் இல்லை. என் தங்கை யோகாவின் புருஷன் ஆனந்தராஜா முதல் ஆள். வீட்டுக்கடன் எடுத்துக் கொடுக்கிற புரோக்கர், வாயில் சீனி கொட்டும். என் கணவரை அவர் அண்ணை என்றுதான் கூப்பிடுவார், அந்த ‘அண்ணை’யில் தேன் வழியும். அடுத்தது சிவமணி. வான் வைத்து வீடு மாற்றிக் கொடுக்கிறவர், பாடசாலைச் செயலாளரும் அவர்தான். மூன்றாவது வரதராஜன், சென்னைக்காரர், ஐடி வேலை, ஹோம்புஷில் மூன்றாம் மாடி ஃப்ளாட். இந்த மனிதர் குளியலறையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளியை வைத்துத் தானே பியர் காய்ச்சினார். மனைவி நாகலட்சுமி, ‘புளிச்ச மாவு நாத்தம் அடிக்குது, வெளிய கொண்டு போங்க’ என்று வாளியோடு துரத்திவிட்டாள். வாளி எங்கள் கராஜுக்கு வந்தது.

இரண்டாயிரத்துப் பதினொன்று, ஜூலை மாதக் குளிர். வரதராஜன்தான் தொடக்கி வைத்தார்.

“சார், பெட்டி ஃப்ரீசரைக் கொஞ்சம் மாத்தினா போதும், பப்ல வர்ற மாதிரி குழாயைத் திருப்பினா பியர் வரும். உங்களுக்குத்தான் கோல்ட் ரூம் எல்லாம் பழக்கமாச்சே.”

“அண்ணை நினைச்சால் முடியாததே!” என்றார் ஆனந்தராஜா.

அவ்வளவுதான், இவர் விழுந்துவிட்டார். யாராவது ‘உங்களால் முடியும்’ என்று சொன்னால் போதும், இந்த மனிதன் கிணற்றிலும் குதிப்பார்.

எங்கள் வீட்டில் குசினியில் இருக்கிற குளிர்ப்பெட்டி சைவம். மீன் இறைச்சி மச்சத்துக்கு என்று கராஜில் ஒரு நீளப் பெட்டி ஃப்ரீசர், மூடியை மேலே தூக்கித் திறப்பது. செவ்வாய் வெள்ளி சைவம் பார்க்கிற வீடுகளில் இப்படிப் பிரித்து வைப்பது வழக்கம்தான். அதில் நண்டும் இறாலும் ஆட்டிறைச்சியும் கட்டிக் கட்டி அடுக்கி வைத்திருந்தேன். அந்தப் பெட்டியில் கைவைத்தார்கள்! பெட்டியின் முன்பக்கத்தில் ஓட்டை போட்டுக் குழாயைச் செருகினால் சரி என்று வரதராஜன் எங்கேயோ இன்டர்நெட்டில் பார்த்துவிட்டு வந்து சொன்னார். எந்த வகைப் பெட்டிக்கு என்று பார்க்கவில்லை. இவரும் கேட்கவில்லை. ட்ரில் உள்ளே போனதும் ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். பெட்டிச் சுவருக்குள்ளே குளிரூட்டுகிற காஸ் ஓடுகிற மெல்லிய குழாய் இருக்கிறதாம், அதிலே போய் ஏறிவிட்டது. என் ஃப்ரீசர் அந்த இடத்திலேயே செத்தது.

அன்று பார்த்து வெள்ளிக்கிழமை. மச்சத்தைச் சமைத்து முடிக்கவும் முடியாது. பக்கத்து வீட்டு றிஃப்னா தன் ஃப்ரீசரில் இடம் ஒதுக்கித் தந்தாள். நான் இறைச்சி வாங்குவது மெரிலேண்ட்ஸ் ஹலால் கடையில்தான் என்று அவளுக்குத் தெரியும், அதனால் யோசிக்காமல் வாங்கி வைத்தாள். நான் இவரிடம் கத்திய கத்தில் றிஃப்னாவின் மாமியார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

“விசரே உங்களுக்கு? வீட்டில இருந்த நல்ல சாமானை ஓட்டை போட்டு வைச்சிருக்கிறியள்!”

“தெரியாமல் நடந்திட்டுது, விடனப்பா. உனக்குப் புதுசு ஒண்டு எடுத்துத் தாறன்.”

எனக்குப் புதிதும் வந்தது. அதோடு செவன் ஹில்ஸில் வீடு மாறிப் போன ஒருவர் கழித்துவிட்ட பழைய பெட்டி ஒன்றும் சிவமணியின் வானில் வந்து இறங்கியது. இந்த முறை இவர் அவசரப்படாமல் ஆறுதலாக இருந்து யோசித்தார். மூடியைக் கழற்றினார். பலகை வாங்கி, பெட்டியின் வாயளவுக்கு ஒரு சதுரச் சட்டம் அடித்தார். அதைப் பெட்டியின் வாயில் உட்காரவைத்து சிலிக்கன் பூசி ஒட்டி, சட்டத்துக்கு மேலே மூடியைத் திரும்பப் பூட்டினார். பார்த்தால் பெட்டிக்கு மரத்தில் ஒரு கழுத்து முளைத்த மாதிரி இருந்தது. ஓட்டை எல்லாம் மரத்தில்தான், இரும்பில் கைவைக்கத் தேவையில்லை.

ஃப்ரீசர் ஃப்ரீசராகவே இருந்தால் பியர் கட்டியாகிவிடும். அதனால் கரண்டைத் தானாக நிறுத்துகிற ஒரு சின்னக் கருவியை இடையில் பூட்டினார். அதிலிருந்து ஒரு கம்பி பெட்டிக்குள்ளே போகும். உள்ளே போதிய குளிர் வந்தவுடன் பெட்டியை நிற்பாட்டிவிடும். முதல் நாள் அந்தக் கம்பியை உள்ளே விட மறந்து வெளியே தொங்கவிட்டார்கள். அது கராஜின் சூட்டை அளந்துகொண்டு பெட்டியை ஓட்டு ஓட்டென்று ஓட்டியது. அடுத்த நாள் பார்த்தால் பியர் பாளம் பாளமாக உறைந்துபோய்க் கிடக்கிறது. வரதராஜன் அழாத குறை. பிறகு ஒரு சனிக்கிழமை குழாயைத் திருப்பினார்கள். வெறும் நுரை! வாளி வாளியாக நுரை வந்தது. ஆனந்தராஜா அதை அள்ளித் தாடி மாதிரி முகத்தில் பூசிக்கொண்டு ஆடினார். உள்ளே போகிற ரப்பர் குழாயை நீளமாக மாற்றிப் போட்ட பிறகுதான் ஒழுங்காக வந்தது.

நான் சும்மா சம்மதிக்கவில்லை. “ஆம்பிளையளுக்கு ஒரு குழாய் எண்டால் எங்களுக்கும் பிள்ளையளுக்கும் ஒண்டு வேணும். இல்லையெண்டால் இந்தப் பெட்டி கராஜுக்குள்ள நிக்காது” என்று சொல்லிவிட்டேன். இஞ்சி தட்டி, சீனியும் தேசிக்காய்ப் புளியும் போட்டு நான் பாகு மாதிரிப் பாணி காய்ச்சுவேன். அதைத் தண்ணீரோடு கலந்து, பெட்டிக்குள்ளே பியர் உருளைக்குப் பக்கத்தில் இன்னொரு உருளையில் விட்டு காஸ் ஏற்றினால் இஞ்சிச் சோடா. இடது குழாய் பியர், வலது குழாய் இஞ்சிச் சோடா. வலது குழாயின் பிடியில் நானே மஞ்சள் பெயின்ட் அடித்தேன்.

சனிக்கிழமைகளில் நான் ரோல்ஸும் கடலை வடையும் பொரித்துக் கொடுப்பேன். மற்றவர்கள் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர் உட்காரமாட்டார். வந்தவர்களின் கிளாஸ் காலியாக இருக்கக்கூடாது என்று பெட்டியடியிலேயே நின்று ஊற்றிக்கொண்டிருப்பார். ஆனந்தராஜா போனில் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் குழாய்க்குப் பக்கத்தில் நிற்பது என் மனுஷன்தான். குடித்தவன் ஒருவன்கூடப் படத்தில் இல்லை, அவன்தானே படம் எடுக்கிறான்!

அடுத்த வருஷத் தொடக்கத்தில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. ஆனந்தராஜாவின் மகள் இவருடைய வகுப்பில் இருந்தவள். ஒரு பந்தி வாசிக்க வராது பிள்ளைக்கு. இவர் ஐந்தாம் வகுப்புக்கு ஏற்றாமல் இன்னொரு வருஷம் தன்னோடு வைத்துக்கொண்டார். யோகா என்னிடம் முகம் சுளித்தாள். “அத்தானுக்கு எங்கட பிள்ளைதானே கிடைச்சது?” என்றாள். ஆனால் ஆனந்தராஜா கராஜில் கிளாஸை நீட்டிக்கொண்டு சிரித்தார்.

“அண்ணை செய்தது சரி. எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. படிப்பெண்டால் படிப்புத்தான்.”

என் கணவர் அதைக் கேட்டு உருகிப்போனார். அன்றைக்கு வீட்டுக்குள் வந்து, “ஆனந்தனைப் போல ஒரு மனுசனைக் காணேலாது” என்றார். நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது, என் கூடப்பிறந்தவளின் புருஷன்.

செப்டம்பரில் அதிபர் ரீச்சர் விலகப்போவதாகச் சொன்னா. அந்தச் சனிக்கிழமையே கராஜில் பேச்சு வந்தது. நான் வடைத்தட்டோடு கதவடியில் நின்றேன், என் காதாலேயே கேட்டேன்.

“இதில கதைக்க என்ன இருக்கு?” என்றார் ஆனந்தராஜா. “அதிபர் அண்ணைதான். கூட்டத்தில நான் முன்மொழியிறன், சிவமணி வழிமொழிவான். என்னடா சிவமணி?”

“ஓம் ஓம், பின்ன?” என்றார் சிவமணி வாய் நிறைய ரோல்ஸோடு.

“சார், உங்களை விட்டா வேற யாரு சார்?” என்றார் வரதராஜன்.

இவர் மூன்று பேருக்கும் திரும்ப ஊற்றினார். கிளாஸ் நிரம்பிப் பியர் வெளியே வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. பிறகு வந்த கிழமைகளில் வேலையால் வந்ததும் குசினி மேசையில் இருந்து, அதிபரானால் என்னென்ன செய்யலாம் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். வகுப்பறைக்கு ஒரு புத்தக அலுமாரி, வாசிக்க வராத பிள்ளைகளுக்குத் தனியாக அரை மணித்தியாலம். மனிதர் அவ்வளவு கதைத்து நான் பார்த்ததில்லை.

அக்டோபரில் நவராத்திரி முடிவில் வாணி விழா. பாடசாலையில் பூசை முடிந்ததும் இவருடைய வகுப்புப் பிள்ளைகளைத் தாய்தகப்பனோடு வீட்டுக்குக் கூப்பிட்டு அவலும் கடலையும் கொடுத்தோம். பிள்ளைகளுக்கு அந்தக் குழாயில் ஒரு கண். ‘சேர், எனக்கு, சேர், எனக்கு’ என்று கப்பை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். இவர் பட்டு வேட்டியோடு நின்று ஒவ்வொரு கப்பாக இஞ்சிச் சோடா நிரப்பிக் கொடுத்தார். ஆனந்தராஜா படம் எடுத்தார். “அண்ணை, இஞ்ச பாருங்கோ, சிரியுங்கோ” என்றார். இவரும் சிரித்தார். படம் எடுக்கிறபோது ஆனந்தராஜாவின் மற்றக் கையில் இடது குழாயின் பியர். பூசை நாளில் வேண்டாம் என்று இவர் சொல்லியும், ‘ஒண்டே ஒண்டண்ணை’ என்று கேட்டு வாங்கியது.

நவம்பரில் ஆண்டுப் பொதுக்கூட்டம். வெள்ளைச் சேர்ட்டை நான் இரண்டு தரம் அயன் பண்ணினேன். மண்டபத்தில் முன்வரிசையில் இருக்கச் சொன்னேன், கேட்கவில்லை, மூன்றாம் வரிசையில் போய் இருந்தார். கணக்கறிக்கை வாசித்தார்கள். பிறகு அதிபர் தெரிவு என்றதும் ஆனந்தராஜா எழும்பினார். இவர் சேர்ட்டின் கழுத்தைச் சரிசெய்ததை நான் பார்த்தேன்.

“அதிபர் பொறுப்புக்கு நான் சிவமணி அவர்களை முன்மொழிகிறேன்” என்றார் ஆனந்தராஜா.

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தேன். பின்னுக்கிருந்த ஒரு தாய், “ஏன், இந்திரகுமார் சேர் இருக்கிறார்தானே?” என்று கேட்டா. அதற்காகவே காத்துக்கொண்டிருந்தவர் போல ஆனந்தராஜா மடிக்கணினியடிக்குப் போனார். கணக்கறிக்கை காட்டிய அதே புரொஜெக்டரில் படம் விழுந்தது. சுவர் முழுக்க என் கணவர். பட்டு வேட்டி, வாய் நிறைந்த சிரிப்பு, கையில் குழாயின் பிடி, சுற்றிவரக் கப்பை நீட்டுகிற பிள்ளைகள். வலது குழாயின் மஞ்சள் பிடியை அவருடைய கை மறைத்திருந்தது. பார்க்கிறவர்களுக்கு அது பியர்க் குழாய்தான்.

“நான் ஒருவரையும் குறைசொல்ல வரேல்லை” என்றார் ஆனந்தராஜா. “இந்திரகுமார் அண்ணை எனக்குக் கூடப்பிறந்த சகோதரம் மாதிரி. ஆனால் அதிபர் எண்டால் பிள்ளையளுக்கு முன்மாதிரியா இருக்கோணும். வீட்டில பியர்க் குழாய் பூட்டி வைச்சு, அதுக்குப் பக்கத்தில பிள்ளையளை நிப்பாட்டி... இந்தப் படத்தை இந்த நாட்டு அதிகாரியள் பார்த்தால் எங்கட பாடசாலையின்ர கதி என்ன?”

பாவி! அந்த நேரத்திலும் ‘அண்ணை’ என்ற சொல்லை விடவில்லை. மண்டபத்தில் குசுகுசு என்று சத்தம். நான் என் கணவரைப் பார்த்தேன். எழும்பி இரண்டு சொல் சொல்லுவார் என்று பார்த்தேன். அவர் சுவரில் இருந்த தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காதுமடல் சிவந்திருந்தது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. எழும்பினேன்.

“அது இஞ்சிச் சோடா! என்ர கையால காய்ச்சினது! ஆனந்தராஜா, படத்தை எடுத்தது நீங்கள்தானே? எடுக்கேக்க உங்கட மற்றக் கையில என்ன இருந்தது? சொல்லுங்கோவன் சபைக்கு!”

“அக்கா, இரு” என்று யோகா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். “எங்கட மானத்தை வாங்காதை.”

“உன்ர மனுசன் என்ர மனுசனின்ர மானத்தை வாங்கேக்க நீ எங்க இருந்தனீ?” என்றேன். கையை உதறிவிட்டேன். “அந்தப் பியரைக் காய்ச்சுறது வரதராஜன். பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினது சிவமணியின்ர வான். குடிச்சது நீங்கள் எல்லாரும். குடிக்காத ஒரே ஆள் அந்தாளப்பா! அவரை விட்டிட்டு நீங்கள் முன்மாதிரி கதைக்கிறியளோ? வெட்கமா இல்லையோ?”

நாகலட்சுமி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். சனிக்கிழமை பின்னேரங்களில் அவர் பாடசாலைக் கமிட்டிக்குப் போவதாகத்தான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? வரதராஜன் தலையைக் குனிந்து போனை நோண்டினார். ஒருவர் எழும்பி, “அம்மா, சபை ஒழுங்கு எண்டு ஒண்டிருக்கு” என்றார். சபை ஒழுங்கு எனக்கு மட்டும்தான்.

கையை உயர்த்தச் சொன்னார்கள். இவருக்கு என்று உயர்ந்தது சில தாய்மாரின் கை. எங்கள் வீட்டு ரோல்ஸையும் வடையையும் பியரையும் வயிற்றில் போட்டவர்களில் ஒரு கை இல்லை. சிவமணி அதிபரானார். ஏற்புரையில் அவர், இந்திரகுமார் அண்ணைக்குக் களைப்பாக இருக்கும், இந்தக் கதை அடங்குமட்டும் கொஞ்ச நாள் வகுப்பெடுக்காமல் ஓய்வெடுக்கட்டும் என்று சொன்னார். அதிபர் பதவி போனது போதாதென்று வகுப்பையும் பறித்தார்கள். என் கணவர் அதற்கும் தலையாட்டினார்.

  வீட்டுக்கு வந்ததும் நேரே கராஜுக்குப் போய் அந்தப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன். அந்தக் கிழமை யோகா போன் எடுக்கவில்லை. நான் எடுத்தபோது வெட்டினாள். பிறகு அவளுடைய மகளிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது, ஆங்கிலத்தில், அம்மா இனிமேல் உங்களோடு கதைக்கமாட்டா என்று. பிறந்தது முதல் என் கையைப் பிடித்துத் திரிந்தவள் யோகா. போகட்டும் என்று நினைத்தேன். அநியாயத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவள் எனக்கு எதற்கு? என் மனுஷன் இருக்கிறார் எனக்கு.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் இவர் வழமை போலக் குளித்து வெள்ளைச் சேர்ட்டைப் போட்டார். போட்டுவிட்டு எங்கேயும் போகவில்லை, கட்டிலில் இருந்தார்.  தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். இருட்டத் தொடங்கும்போது வெளியே வான் சத்தம் கேட்டது. யன்னலால் பார்த்தால் சிவமணி இறங்குகிறார். பின்னால் ஆனந்தராஜா, கையில் கோழிப்பொரியல் பை. வரதராஜனும் பின்னுக்கு நிற்கிறார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு வந்தார்கள்? எனக்குக் கோபத்தை விடச் சந்தோஷம் என்றுகூடச் சொல்லலாம். இன்றைக்கு இவர் கேட்பார், நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டுத் துரத்துவார் என்று நினைத்தேன்.

கராஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நான் குசினிப் பக்கத்தால் ஓடிப்போய்ப் பார்த்தேன். பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. நான் பிடுங்கிய பிளக்கை எடுத்து இவர் கிழமை நடுவிலேயே திரும்பச் சொருகி வைத்திருக்கிறார். அவர்கள் வருவார்கள் என்று தெரிந்து குளிர்ப்படுத்தி வைத்திருக்கிறார்!

“அண்ணை, மனசில ஒண்டும் வைச்சிருக்காதேங்கோ” என்று சொல்லிக்கொண்டிருந்தார் ஆனந்தராஜா. “அது சபை விசயம். இது எங்கட விசயம்.”

“பரவாயில்லை, இருங்கோ” என்றார் என் கணவர். கதிரையை இழுத்துப் போட்டார். கிளாஸை எடுத்து இடது குழாயைத் திருப்பினார்.

“என்ன செய்யிறியள்?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் கேட்டேன். “இஞ்சேருங்கோ, என்ன செய்யிறியள்?”

“வீட்டை வந்தவையப்பா.”

“இவையோ? இவை ஆர் எங்களுக்கு? ஆனந்தராஜா, எழும்புங்கோ. என்ர வீட்டை விட்டு வெளியில போங்கோ.”

ஆனந்தராஜா எழும்பவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை, என் கணவரைப் பார்த்தார். என் கணவர் நிரம்பின கிளாஸை அவர் கையில் கொடுத்துவிட்டு, அத்தனை பேருக்கும் முன்னால் என்னிடம் சொன்னார்.

“வைதேகி, நீ உள்ளுக்குப் போ.”

போனேன். வேறென்ன செய்வது? குசினியில் விளக்கைப் போடாமல் கதிரையில் இருந்தேன். கராஜில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர்கள் போன பிறகு இவர் வந்து விளக்கைப் போட்டார். கழுவ வேண்டிய கிளாஸ்களைச் சிங்கில் வைத்தார். இவருடைய கிளாஸும் இருந்தது, அன்றைக்கு அது காலி.

“உங்களுக்காகத்தானே நான் எழும்பினனான்” என்றேன்.

“உன்னை ஆர் எழும்பச் சொன்னது?” என்றார்.

கிளாஸ்களைக் கழுவிக்கொண்டே மேலும் சொன்னார்.

“ஆனந்தன் இப்ப சொல்லுறான், சிவமணிக்கு ஒரு வருசம்தானாம். அடுத்த வருசம் எனக்கெண்டுதான் யோசிச்சு வைச்சிருந்தவையாம். நீ எழும்பிக் கத்தினதால எல்லாரும் வெறுத்துப் போச்சினம். இனி என்ர பேரை ஆர் சொல்லுவினம்? உன்னாலதான் எல்லாம் கெட்டது.”

“அவன் சொல்ல நீங்கள் நம்புறியளோ? இன்னுமோ?”

அவர் எனக்கு முன்னாலிருந்த கதிரையை இழுத்து உட்கார்ந்தார். உட்கார்ந்து, என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் என்னிடம் கும்பிட்டது கிடையாது.

“நாளைக்கு யோகா வீட்டை போய் ஆனந்தனிட்ட ஒரு மன்னிப்புக் கேளப்பா. நீ கேட்டால் அவன் விட்டிடுவான். வகுப்பையாவது திரும்பத் தருவினம். எனக்காகக் கேள்.”

நான் போகவில்லை. செத்தாலும் போகமாட்டேன். ஆனந்தராஜா செய்ததை என்றைக்காவது ஒருநாள் மறந்தாலும் மறப்பேன், அவர் பிறத்தியார். இவர் என்னுடைய ஆள் என்று நினைத்துத்தானே அன்றைக்கு அந்த மண்டபத்தில் நான் தனியாக எழும்பி நின்றேன்.